கடையிலேயே படுக்கும் பையன்: சின்ன வியாபாரிகள் நாம் என்ன செய்ய முடியும்?

கேட்டவர்: பேட்டை மோட்டார் கடை

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் பதினாறு வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். என்னோடு நாலு பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் பகுதி வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. இங்கே தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாளே என் கடை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டிவிட்டன. வீட்டுத் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், வயலிலிருந்து டிராக்டரில் ஏற்றி வந்த அஞ்சு ஹெச்பி மோட்டார், எல்லாவற்றிலும் சேறு. கழற்றிக் கழுவி, வெயில் இல்லாததால் பல்பு போட்டுக் காயவைத்தோம். ஆள் போதவில்லை. அந்த வாரம்தான் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அந்தப் பையன் வந்து நின்றான்.

நம் ஊரில் புது ஆளைப் பார்த்தால் முதலில் என்ன கேட்போம்? "எந்த ஊருல? யாரு மவன்?" நானும் அதையே கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த மோட்டாரைப் பார்த்து, "இதக் கழுவணுமா அண்ணாச்சி?" என்றான். சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்தவன் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்தான்.

மெல்ல மெல்லத்தான் விவரம் தெரிந்தது. ஏழு வயதிலிருந்து ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். பதினெட்டு முடிந்ததும் வெளியே வந்திருக்கிறான். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அங்கேயே அடுப்படிக்குப் பின்னால் படுத்திருக்கிறான். வெள்ளத்தில் ஓட்டலை மூடிவிட்டார்கள். வேலை போனது, படுக்கிற இடமும் அதோடு போனது.

வேலையில் அவன் தங்கம். மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளை, நாங்கள் காயில் என்போம், அதைச் சுற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுவதில்தான் புதுப் பையன்கள் தடுமாறுவார்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். இவன் ஒவ்வொரு இருபத்தைந்துக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். பழைய காயிலைப் பிரிக்கும்போது கம்பியின் தடிமன், எத்தனை சுற்று, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குக் கம்பி போகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பான். என்னிடம் பதினாறு வருஷமாக இல்லாத நோட்டு அது.

படுக்க இடம் கேட்டான். கடையிலேயே படுத்துக்கொள் என்றேன். அப்போது பெரிய உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். வார்னிஷும் தின்னரும் வைத்திருக்கிற கடை. ஷட்டரை இறக்கிவிட்டால் காற்று கிடையாது. சில கடைகளில் செய்வதுபோல வெளியே பூட்டிவிட்டுப் போகவில்லை, சாவியை அவனிடமே கொடுத்திருந்தேன். ஆனால் காலையில் வந்து ஷட்டரைத் தூக்கினால் அந்த நெடி முகத்தில் அடிக்கும். எனக்கு ஒரு நிமிஷம், அவனுக்கு ராத்திரி முழுக்க.

அப்புறம் ஒரு நாள், போன ஆவணியில், அவசர வேலை ஒன்றில் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டான். மோட்டார் புகைந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. "நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத" என்று கத்தினேன். ராத்திரி ஒன்பது மணி. மற்ற மூன்று பேரில் யாரைச் சொல்லியிருந்தாலும் கோபத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், காலையில் வந்திருப்பார்கள். இவன் பையை எடுத்து மாட்டினான், சாவியை மேசைமேல் வைத்தான், போய்விட்டான். நான் வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோற்றில் கை வைக்கும்போதுதான் உறைத்தது, அவனைக் கடையிலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் துரத்தியிருக்கிறேன் என்று. பைக்கை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ரயில் நிலையம் போனேன், அங்கே இல்லை. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில், நாகர்கோவில் பஸ் நிற்கிற பக்கம், பையைத் தலைக்கு வைத்துச் செருப்பைப் பைக்கு அடியில் சொருகிப் படுத்திருந்தான். செருப்பைத் திருடிவிடுவார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறான். அந்த இடம் அவனுக்குப் புதிதல்ல.

கூட்டி வந்துவிட்டேன். அன்றிலிருந்து வாடகைக்கு அறை தேடுகிறோம். நாலு வீடு பார்த்தாயிற்று. கல்யாணமாகாத பையனுக்கு இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள், அவனுக்கு அதற்குப் பதில் தெரியாது. அட்வான்ஸ் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கேட்கிறார்கள். ஆதாரில் இன்னும் இல்லத்தின் முகவரிதான்.

என் கேள்விகள்: அவனைக் கடையில் படுக்கவைப்பதை எப்படி நிறுத்துவது? எங்கள் தெருவில் பத்துக் கடைகள் சேர்ந்து ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு அட்வான்ஸ் பணத்தை ஒரு பொதுப் பணமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன், அது சரிவருமா? சட்டப்படி நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன? இவனைப்போல இன்னும் ஏழெட்டுப் பேர் பேட்டையிலும் டவுனிலும் ஓட்டல், ஒர்க் ஷாப்களில் படுத்துக் கிடக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்த மனம் வரவில்லை.


பதில்: பாளையங்கோட்டை டீச்சரம்மா

தம்பி, நான் குழந்தைகள் இல்லங்களில் இருபத்தெட்டு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் சாவியைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை.

முதலில் வயது. உங்கள் பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. மற்ற ஏழெட்டுப் பேரில் யாருக்காவது முடியவில்லை என்றால், இரக்கப்பட்டுக்கூடக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். ஆதரவில்லாத பிள்ளையைக் கண்டால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோவார்கள், எங்கே வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பதினாலு வயதுக்குக் கீழே வேலையே கூடாது. பதினாலிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது.

பதினெட்டு முடிந்தவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு, 46-ஆவது பிரிவு. இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு என்று பெயர். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரையிலும் நீட்டிக்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். இது பையன்களுக்குத் தெரியாது. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். அவன் இல்லத்திலிருந்து வந்தபோது கொடுத்த விடுவிப்பு ஆணை அந்தப் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவன் இருந்த இல்லத்தில் நகல் கேட்டு வாங்கி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் அவனையே கூட்டிப்போங்கள். நீங்கள் கூடப் போக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் படியேறினால் வாய் திறக்காது. வரிசையில் நின்று சாப்பிட்டு வளர்ந்தவர்கள், தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி, இல்லத்தை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆன பையன் ஒருவன் கேட்டில் வந்து நின்றான். வேலை பார்த்த கடையை மூன்று நாள் மூடிவிட்டார்கள், மெஸ்ஸும் லீவு. "ஒரு ராத்திரி மட்டும் படுத்துக்கிடட்டா மேடம்?" என்றான். பதினெட்டு தாண்டியவனை உள்ளே சேர்க்க விதி இல்லை. கையில் நூறு ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். போகும்போது திரும்பிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவன் எங்கே படுத்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் உங்கள் கூட்டத்தில் இதையும் சேர்த்துப் பேசுங்கள். பொங்கல், தீபாவளிக்குக் கடையைச் சாத்தினால் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். போக ஊர் இல்லாத பையனுக்கு அந்த மூன்று நாள் சாப்பாடு யார் வீட்டில் என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். அப்புறம், பதினெட்டு ஆகும்வரை காத்திருக்காதீர்கள். பதினேழரை வயதிலேயே இல்லத்துக்கு வந்து பையன்களைப் பாருங்கள். கடை எப்படி இருக்கும், சம்பளம் எப்படிப் போடுவார்கள், வாடகை என்றால் என்ன என்று பேசிவிட்டுப் போங்கள். பிறந்தநாளன்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவனுக்கு, தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும்.


பதில்: நாங்குநேரிக்காரன், இப்போது சென்னை

பேட்டை அண்ணாச்சிக்கு வணக்கம். நானும் கடையில் படுத்து வளர்ந்தவன்தான். 1988-இல் பத்தாம் வகுப்பில் பெயிலானதும் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் மெட்ராஸுக்குக் கூட்டி வந்து மளிகைக் கடையில் விட்டார். பகல் முழுக்கப் பொட்டலம் கட்டுவது, ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு அரிசி மூட்டைமேல் சாக்கை விரித்துப் படுப்பது. புழுங்கலரிசி மூட்டை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், பருப்பு மூட்டை முதுகைக் குத்தும். சம்பளத்தை முதலாளியே வைத்துக்கொண்டு, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுப்பார். எட்டு வருஷம் கழித்துக் கடனுக்குச் சரக்குப் போட்டு எனக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தார். நம் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் இப்படித்தான் மேலே வந்தோம். அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உங்கள் கதையைப் படித்ததும் ஒன்று புரிந்தது. எனக்கு அது நடந்ததற்குக் காரணம், ஊரில் அம்மா இருந்தாள். முதலாளி கையை ஓங்கினால் ராத்திரி பஸ் ஏறிவிடலாம். அது அவருக்கும் தெரியும், அதனால் ஓங்கமாட்டார். உங்கள் பையனுக்கு அந்த பஸ் இல்லை. அதே மூட்டை, அதே ஷட்டர், ஆனால் அவனுக்கு அது வேறு.

நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் கடையில் ஐந்து பையன்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று தெரு தள்ளி ஒரு அறை எடுத்தேன். முதலில் என் பெயரில் எடுத்ததுதான் தப்பு. ஒருவன் வேலையை விட்டால் அன்றே அறையையும் விட வேண்டியதாகிவிட்டது, அதனால் பிடிக்காத வேலையில் பயந்துகொண்டு கிடந்தார்கள், சிலர் சொல்லாமல் ஓடினார்கள். இப்போது ஒப்பந்தம் பையன்களில் மூத்தவன் பெயரில். வேலையை விட்டாலும் இரண்டு மாதம் அறையில் இருக்கலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஓடிப்போனவன் ஒருவன்கூட இல்லை.

உங்கள் பொதுப் பணம் நல்ல யோசனை. இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பையன் கையில் கொடுக்க வேண்டாம், வீட்டுக்காரருக்கு நேராகப் போகட்டும், காலி செய்யும்போது திரும்பச் சங்கத்துக்கு வரட்டும். அதை வைத்து அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். இரண்டாவது, வீட்டுக்காரருக்கு ஜாமீன் நிற்பது அவன் முதலாளியாக இருக்கக் கூடாது, இன்னொரு கடைக்காரர் நிற்க வேண்டும். நீங்கள் அவனிடம் கோபப்படுகிற நாளில் வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் செய்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சம்பளத்தை மட்டும் பேங்கில் போடுங்கள். எங்கள் காலத்து முறை அதில் வேண்டாம்.


பதில்: மேலப்பாளையம் தையல்

பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பொம்பளப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் படுக்கமாட்டார்கள், அதனால் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். சித்தி வீட்டில் ரெண்டு மாதம், சிநேகிதி வீட்டில் ஒரு மாதம், அப்புறம் யாராவது ஏஜெண்டு மில்லுக்குக் கூட்டிப்போவார். தென் மாவட்டப் பிள்ளைகளை மூன்று வருஷம் மில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததெல்லாம் நாம் அறிந்ததுதானே. நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணமும் கிடைக்காது, திரும்பிப் போக வீடும் இருக்காது.

என்னிடம் பன்னிரண்டு மெஷின் ஓடுகிறது. இரண்டு பிள்ளைகள் அப்படி வந்தவர்கள். லேடீஸ் ஹாஸ்டலில் சேர்க்கப் போனால் "கார்டியன் யார்?" என்ற கட்டம் இருக்கும், அதை நிரப்ப ஆள் இல்லாமல்தான் பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள். அதில் என் பெயரைப் போட்டேன், வேறு பெரிய உதவி எதுவும் செய்யவில்லை. கட்டணம் அவர்களே கட்டுகிறார்கள், ரசீது அவர்கள் பெயரில்தான் வாங்குகிறார்கள். உங்கள் சங்கத்தில் கடை வைத்திருக்கிற அக்காமார் இருந்தால் இதைக் கேளுங்கள் அண்ணாச்சி. ஒரு கையெழுத்துத்தான்.


பதில்: கங்கைகொண்டான் ஷிப்ட்

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பெரிய கம்பெனிகள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

உங்கள் பையன் வேலை கற்றுக்கொண்டுவிட்டான், ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லை. நாலு பேர் வேலை செய்கிற இடமாக இருந்தாலே தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பழகுநரை, அதாவது அப்ரண்டிஸைச் சேர்க்கலாம், முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும். பழகுநருக்குக் கொடுக்கிற மாத உதவித்தொகையில் கால்வாசியை, 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு தருகிறது. இல்லையென்றால் உங்கள் பேட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்த்துவிடுங்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிப்பு முடியும்வரை சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் கடைக்கு வரட்டும். சான்றிதழோடு வந்தால் எங்களைப் போன்ற இடங்களில் நேர்காணலுக்கு உட்காரலாம்.

அடுத்தது சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்ட கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவு செய்தாக வேண்டும். எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்ற பட்டியலில் ஆதரவற்றோருக்கான இல்லமும் விடுதியும் இருக்கின்றன, தொழில்பயிற்சியும் இருக்கிறது. எங்களிடம் வருகிற மனுக்களில் பெரும்பாலும் கட்டடம் கேட்கிறார்கள், கம்ப்யூட்டர் கேட்கிறார்கள். இல்லத்தை விட்டு வந்த இருபது பேருக்கு இரண்டு வருஷத்து அறை வாடகை வேண்டும் என்று எங்கள் மேசைக்கு இதுவரை ஒரு மனுகூட வந்ததில்லை. பெரும்பாலும் பதிவு செய்த தொண்டு நிறுவனம் வழியாகத்தான் கொடுப்பார்கள் என்பதால், நல்ல நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து எழுதுங்கள். எந்த மாதிரி எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தருகிறேன்.

நகர்ப்புற இரவுக் காப்பகத்தைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம் வேண்டும் என்பது விதி. 2011 கணக்குப்படி நம் மாநகராட்சியில் 4.73 லட்சம் பேர், அப்படியென்றால் 470 பேருக்கு இடம் இருக்க வேண்டும். மாநகராட்சியிடம் வியாபாரிகள் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது ஒரு வாரத்துக்கான இடம்தான், குடியிருக்கிற இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.


கேட்டவர்: பேட்டை மோட்டார் கடை (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, உங்கள் பதிலைப் பையனுக்கும் வாசித்துக் காட்டினேன். தீபாவளி இடம் வந்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

விடுவிப்பு ஆணை அவன் பையிலேயே இருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு, வெள்ளத்திலும் நனையாமல் வைத்திருக்கிறான். மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. நான் கூடப் போனேன். நீங்கள் சொன்னது சரிதான், "உனக்கு என்ன வேணும்?" என்று அலுவலர் அன்பாகத்தான் கேட்டார், அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாய் திறக்காமல் இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ரூம் வாடகை" என்றான்.

கூட்டத்தில் பத்துக் கடை எதிர்பார்த்தேன், ஏழுதான் சேர்ந்தது. ஒருவர் "இன்னிக்கு இவனுக்குக் குடுப்போம், நாளைக்கு நூறு பேரு வருவான்" என்றார். வரட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அவரோடு சண்டை போடவில்லை. பதினாலாயிரம் ரூபாய் இப்போது சங்கத்துக் கணக்கில் இருக்கிறது. நாங்குநேரி அண்ணாச்சி சொன்னபடி, ஜாமீன் நான் இல்லை, பக்கத்து இரும்புக் கடைக்காரர். அவருக்கும் எனக்கும் வியாபாரத்தில் கொஞ்சம் உரசல் உண்டு, அதுவும் நல்லதற்குத்தான். இரண்டு மாத விதியையும் எழுதிவிட்டோம். தையல் அக்கா கேட்டதைச் சொன்னேன். பூக்கடை மதினியும் பாத்திரக்கடை அக்காவும் கையெழுத்துப் போடத் தயார் என்றார்கள்.

அறை கிடைத்தது. பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஓடு போட்ட வீட்டில் முன்பக்கத்து ஒற்றை அறை. வீட்டுக்கார ஆச்சி தனியாக இருக்கிறார். வழக்கம்போல "யாரு மவன்?" என்றார். இரும்புக் கடைக்காரர் சட்டென்று "பேட்டைக்காரப் பையன்தான் ஆச்சி, மோட்டார் வேல தெரிஞ்சவன்" என்றார். ஆச்சி, "அப்போ என் மோட்டார மொதல்ல பாரு, மூணு நாளா ஓடல" என்றார். கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்றிப் போட்டான். வாடகை 2,200, அட்வான்ஸ் 12,000.

ஐ.டி.ஐ. சேர்க்கை அடுத்த ஆண்டுக்குத்தான். அதுவரை சாயந்திரம் ஆறு மணிக்கு அவனை அனுப்பிவிடுகிறேன். கடையில் அவன் பாயைச் சுருட்டி வைத்திருந்த மூலையில் இப்போது வார்னிஷ் டின் அடுக்கியிருக்கிறோம்.

அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று ஆச்சியிடம். "உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும் அண்ணாச்சி" என்று மூன்றாவது ஒன்று செய்யக் கிளம்பினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.